நாலு நாற்பதுக்கு அனஸ் எங்கே?

டெலிபோன் அலறியது!

1999, ஏப்ரல் 26. திங்கட்கிழமை. மாலை ஐந்து பத்து.

ஹெட் கான்ஸ்டபிள் ஐயம்பெருமாள் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு ரிஸீவரை எடுத்தார்.

"ஏட்டையா! குறுக்குத்துறை ரோட்டுல ஒருத்தரு செத்துக் கெடக்காரு!"

"நீ யாருலே பேசுத?"

"அத விடுங்க. அவரு காரு ஆத்துக்குள்ள நிக்கி. எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு... வைப்பர் வேற ஆடுது!"

"மழையே இல்லியேலே?"

"அதான் பயமா இருக்கு!"

டொக்!

இன்ஸ்பெக்டர் தளவாயின் ஜீப் பத்தே நிமிடத்தில் அங்கே போய் நின்றது.

ரோட்டோரம் குப்புறக் கிடந்தவர் பாலசுப்பிரமணியன். வயது ஐம்பத்தெட்டு. வக்கீல். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ஜாக்கி லீவர். அதன் முனையில் நரைமுடி.

இருபதடி தள்ளி, கோடைக்குச் சுருங்கிய தாமிரபரணியில், பாதிச் சக்கரம் மூழ்க அவருடைய நீல அம்பாஸிடர்.

வைப்பர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது...

"செயின் இருக்கு, மோதிரம் இருக்கு" என்றார் ஐயம்பெருமாள். "களவாணிப்பய வேல இல்ல சார்."

"எத்தன மணிக்கு நடந்திருக்கும்?"

"நாலேகாலுக்கு டீக்கடைக்காரரு கார் போறதப் பாத்திருக்காரு. அஞ்சு மணிக்கு மாடு பத்திக்கிட்டு வந்தவன் பொணத்தப் பாத்திருக்கான். நடுவுலதான்."

"மாமா...!"

ஓர் இளைஞன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து விழுந்தான். குருபிரசாத். செத்தவரின் அக்கா மகன். வயது இருபத்தாறு. இஸ்திரி கலையாத சட்டை.

கொஞ்ச நேரம் அழுதான். பிறகு காரைப் பார்த்தான். அழுகை நின்றது.

"சார்... இது அந்த கேம் மாதிரியே இருக்கு!"

"எந்த கேம்?"

"கம்ப்யூட்டர் கேம் சார். ஒரு பெரிய அமெரிக்கப் பட்டணம். நாமதான் அதுல ரவுடி. எந்தக் காரையும் மறிக்கலாம். ஓட்டுதவன வெளிய இழுத்துப் போட்டு அடிக்கலாம். அலுத்துப் போனா கார ஆத்துல விட்டுட்டு எறங்கிப் போயிரலாம்."

தளவாய் முகம் சுளித்தார். "இதையெல்லாம் வெளயாடுதானுவளா?"

"நானும் வெளயாடுதவன்தான் சார். இன்னைக்கு நாலரைக்குக்கூட டவுண் கம்ப்யூட்டர் சென்டர்ல அதான் ஆடிக்கிட்டிருந்தேன். ஆனா அங்கன ஒருத்தன் உண்டு... அவனுக்கு அது வெளையாட்டு இல்ல, வெறி. நேத்து மாமாவோட காரு அவன் சைக்கிள இடிச்சிட்டு. அவன் நடுரோட்டுல நின்னு என்ன சொன்னான் தெரியுமா?"

"என்ன?"

"'ஒம்ம கார விட்டு எறக்கி மண்டையப் பொளக்கேனா இல்லையா பாரும்'னு."

"அவன் பேரு?"

"அனஸ். மேலப்பாளையம்."

பெயரைக் கேட்டதும் இரண்டு கான்ஸ்டபிள்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்கு அப்புறம் விசாரணை என்று ஒன்று தேவைப்படவில்லை!

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி. ஜீப் போய் அனஸை அள்ளிக்கொண்டு வந்தது. அரெஸ்ட் என்று எந்த நோட்டிலும் எழுதவில்லை.

அனஸுக்கு வயது இருபத்திரண்டு. பி.காம். டைப்ரைட்டிங் இரண்டு மொழியிலும் ஹையர். ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. வெள்ளிக்கிழமை இரவு திருவனந்தபுரத்தில் பிளேன்.

கையில் நான்கே நாட்கள்.

"நேத்து நாலரைக்கு எங்கலே இருந்த?"

"கம்ப்யூட்டர் சென்டர்ல சார். அஞ்சாம் நம்பர் மெஷின்."

"என்ன படிச்ச?"

"படிக்கல சார்... வெளயாடினேன்."

தளவாய் சிரித்தார். "குருபிரசாத் அதே நேரத்துல அங்கனதான் இருந்திருக்கான். ஒன்னைப் பாக்கலங்கான்."

அனஸ் நிமிர்ந்தான். "அவன் அங்க வரவே இல்ல சார்! மெஷின் ரூம்ல நான் ஒருத்தன்தான். டீச்சர் உள்ரூம்ல பாடம் எடுத்துக்கிட்டிருந்தாங்க."

"நோட்டுல கையெழுத்துப் போட்டியா?"

"ப்ராக்டிஸ் நேரத்துல கேம் ஆடுதவன் எவன் சார் கையெழுத்துப் போடுவான்? பேர வெட்டிருவாங்க."

"அப்ப சாட்சி?"

"மெஷின்தான் சார் சாட்சி! ஆட்டத்த நிறுத்தும்போது நம்ம பேர்ல ஒரு ஃபைல் பதிவாகும். தேதி, நேரம் எல்லாம் அதுலயே நிக்கும். நாலு நாப்பதுக்கு நிறுத்தினேன். போய்ப் பாருங்க சார்."

"வக்கீலப் பாத்து என்னமோ சொன்னியாமே?"

அனஸ் தலையைக் குனிந்துகொண்டான். "சைக்கிள இடிச்சதுமில்லாம என்னையவே திட்டுனாரு சார். கோவத்துல சொன்னேன்..."

"சொன்னதத்தான் செஞ்சிருக்க!"

பளார்!

புதன்கிழமை. காலை பதினொன்று. கம்ப்யூட்டர் சென்டர்.

டவுணில் ஒரு ஜவுளிக்கடையின் மாடி. எட்டு மெஷின்கள். எட்டுக்கும் நெற்றியில் குங்குமம்.

சென்டர் ஓனர் கிருபைராஜ் கையைப் பிசைந்தார். "எனக்கு ஊதுபத்தி கொளுத்தத் தெரியும், சுவிட்சப் போடத் தெரியும். மத்ததெல்லாம் மதுமதி டீச்சர்தான் சார். அந்தப் பொண்ணு நேத்து காலைல வந்து தலையக் காட்டிட்டு லீவுல போயிட்டு. பொண்ணு பாக்க வாராங்களாம், அம்பாசமுத்திரத்துல."

"அப்ப இந்த ஃபைல யாருவே எடுத்துக் காட்டுவா?"

"நான் காட்டுதேன் சார்."

குருபிரசாத்!

வாசலில் அனஸின் அக்கா சபீதா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளைத் தாண்டித்தான் உள்ளே வந்தான்.

மூன்றாம் நம்பர் மெஷின். குருபிரசாத்தின் பெயரில் ஒரு ஃபைல். தேதி இருபத்தாறு. மாலை நாலு முப்பத்தைந்து.

"சரி. இப்ப அவனோடதக் காட்டு."

ஐந்தாம் நம்பர் மெஷின். அனஸ் பெயரில் ஒரு ஃபைல் இருந்தது.

மாலை நாலு நாற்பது.

தேதி... இருபத்தேழு!

குருபிரசாத்தின் புருவம் ஒரு கணம் உயர்ந்தது. பிறகு இறங்கியது.

தளவாய் மெல்லத் திரும்பினார். "இருபத்தேழாந் தேதி நாலு நாப்பதுக்கு ஒன் தம்பி எங்கம்மா இருந்தான்?"

சபீதாவுக்குப் புரியவில்லை. "நேத்தா சார்? ஒங்க ஸ்டேஷன்லதான..."

"லாக்கப்புல இருந்தவன் இங்கன வந்து எப்படி வெளயாடினான்? ஆள வச்சு அவன் பேர்ல ஆட வச்சிருக்க. தேதிய மறந்துட்டிய!"

"அல்லா மேல ஆணை சார்! நான் கம்ப்யூட்டரத் தொட்டதே இல்ல!"

"ஏட்டு... வண்டிய எடும்."

அன்று மாலை ஸ்டேஷனின் பின்னறைக் கதவு சாத்தப்பட்டது. ரேடியோவில் சினிமாப் பாட்டு வைக்கப்பட்டது. பாட்டையும் மீறிச் சத்தம் வெளியே வந்தது.

ஆறு மணிக்கு வாக்குமூலம் தயார்!

வியாழக்கிழமை. பதினொன்றரை.

தளவாய் சென்டரில் மகஜர் எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாம் நம்பர், ஐந்தாம் நம்பர் இரண்டு மெஷினையும் கோர்ட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட குருபிரசாத் பேனாவைத் திறந்தான்.

"யாரது, மெஷின் ரூமுக்குள்ள பூட்ஸோட?"

எல்லோரும் திரும்பினார்கள்.

பட்டுச்சேலை. தலை நிறைய மல்லிகைப்பூ. அரக்கப்பரக்க மூச்சு வாங்கும் ஒரு பெண். பின்னால் சபீதா.

"நீங்க யாரும்மா?" தளவாய் அதட்டினார்.

"மதுமதி. இங்க இன்ஸ்ட்ரக்டர். மொதல்ல பூட்ஸக் கழட்டுங்க சார். தூசி போச்சுன்னா மெஷின் படுத்துரும்."

"கொலக்கேசு நடக்குதும்மா!"

"கேசு நடக்கட்டும் சார். பூட்ஸ் நடக்க வேண்டாம்."

ஐயம்பெருமாள் மீசைக்குள் சிரித்தார். தளவாய் பல்லைக் கடித்துக்கொண்டு பூட்ஸைக் கழற்றினார். இடது சாக்ஸில் ஓட்டை.

"விடியக்காலம் முத பஸ்ஸப் புடிச்சு இந்தக்கா எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் கேசரியக் குடுத்து உக்கார வச்சுட்டு வந்திருக்கேன். எந்த ஃபைல் சார்?"

தளவாய் மூன்றாம் நம்பர் மெஷினைக் காட்டினார். மதுமதி குனிந்து பார்த்தாள்.

நிமிர்ந்தாள்.

"இது பொய் சார்!"

"எப்படிச் சொல்லுத?"

"இருபத்தாறாந் தேதின்னு போட்டிருக்கே. எங்க சென்டருக்கு இந்த மாசம் இருபத்தாறாந் தேதியே வரல!"

"என்னம்மா ஒளறுத?"

"வைரஸ் சார். ஏப்ரல் இருபத்தாறாந் தேதி மெஷினத் தொறந்தா மொத்தத்தையும் அழிச்சுப் போட்டுரும்னு பேப்பர்லயே வந்துது. கண்ட கேம் சி.டி.யையும் போட்டு எட்டு மெஷின்லயும் அது ஏறிக் கெடக்கு. மருந்து சாப்ட்வேர் கேட்டேன்..." கிருபைராஜைப் பார்த்தாள். "சார் விபூதி பூசச் சொன்னாங்க."

கிருபைராஜ் மின்விசிறியைப் பார்த்தார்.

"அதனால ஞாயித்துக்கெழம சாயங்காலம் அணைக்கும்போதே எட்டுலயும் தேதிய ஒரு நாள் கூட்டி வச்சுட்டேன். திங்கக்கெழம காலைல தொறக்கும்போது அதுக்கு இருபத்தேழு. ஊருக்குத்தான் இருபத்தாறு!"

தளவாய் மகஜரைக் கீழே வைத்தார்.

"செவ்வாக்கெழம காலைல வந்து எல்லாத்தையும் சரியான தேதிக்கு மாத்திட்டுத்தான் பஸ் ஏறினேன். சந்தேகமா இருந்தா இங்க பாருங்க. திங்கக்கெழம பதினெட்டுப் பிள்ளைங்க டைப் அடிச்சிருக்காங்க. நான் ஒரு கொஸ்டின் பேப்பர் அடிச்சிருக்கேன்."

ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து காட்டினாள்.

இருபத்தேழு... இருபத்தேழு... இருபத்தேழு...

தளவாயின் நெற்றி ஏ.சி. குளிரிலும் வியர்த்தது.

"அப்ப... அனஸோட ஃபைலு?"

"திங்கக்கெழம நாலு நாப்பதுக்கு ஆடி நிறுத்தினது. அவன் சொன்ன மாதிரியே. அதான் இருபத்தேழுன்னு நிக்குது."

"அப்ப இந்த மூணாம் நம்பர்ல இருக்கது?"

"நான் ஊருக்குப் போன பெறவு எவனோ தேதிய இருபத்தாறுன்னு மாத்தி வச்சு, ஆடி, பதிஞ்சு, திரும்பவும் மாத்தியிருக்கான். நடுவுல மெஷின அணைச்சுத் தொறக்காததால வைரஸ் முழிக்கல. பாவம்... திங்கக்கெழம இந்தப் பக்கம் எட்டியாவது பாத்திருந்தா, இங்க தேதி வேறன்னு தெரிஞ்சிருக்கும்!"

பேனா கீழே விழுந்தது.

குருபிரசாத் ஒரே பாய்ச்சலில் வாசலைத் தாண்டினான்! மாடிப்படியில் தடதடவென்று...

அங்கே ஐயம்பெருமாள் ஏற்கெனவே குறுக்கே நின்றிருந்தார்.

"என்ன மாப்ள, செருப்ப விட்டுட்டுப் போறீரு?"

சட்டைக் காலர் கிழிந்தது. இஸ்திரி கலைந்தது.

"சொல்லுவே!" தளவாய் உலுக்கினார். "ஏன் கொன்ன?"

"கல்யாணத்த நிறுத்திட்டாரு சார்! மொறைப் பொண்ணு சித்ரலேகா... எனக்குன்னுதான் சின்ன வயசுலயே பேசி வச்சது. பத்திரிகை அடிச்ச பெறவு மாட்டேன்னுட்டாரு!" குருபிரசாத் அழுதான். இந்தத் தடவை நிஜமான அழுகை. "பேசணும்னு குறுக்குத்துறைக்கு வரச் சொன்னேன். வந்தாரு. காரவிட்டு எறங்கக்கூட இல்ல..."

"என்ன சொன்னாரு?"

"'நாள்பூரா பெட்டி முன்னால ஒக்காந்து கார் திருடுத பயலுக்கு எம்மவளத் தரமாட்டேன்'னாரு!"

ஐயம்பெருமாள் பெருமூச்சு விட்டார். "மனுசன் ஒரே வரியில தீர்ப்பு சொல்லிருக்காரு. வைப்பர ஏம்வே போட்ட?"

"அவர வெளிய இழுத்துட்டு கார ஆத்துல விட்டேன்... கை நடுங்கிச்சு. எதத் தொட்டேன்னே தெரியல."

"கேம்ல நடுங்காது, என்ன?"

குருபிரசாத் கிழிந்த காலரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான்.

பகல் ஒன்றேகால். ஸ்டேஷன்.

தளவாயே போய் லாக்கப்பைத் திறந்தார்.

"அனஸ்! ஒம்மேல தப்பு இல்லப்பா. கெளம்பு. நாளைக்குத்தான பிளேன்? நம்ம ஜீப்பே திருவனந்தபுரத்துல கொண்டு விட்டுரும்."

வாசலில் சபீதா அழுதுகொண்டே சிரித்தாள். "எந்திரி தம்பி! பெட்டியெல்லாம் கட்டியாச்சு. வாப்பா தொழுதுட்டு இங்கதான் வந்துக்கிட்டிருக்காங்க."

அனஸ் எழுந்திருக்கவில்லை.

"ராத்தா... பெட்டிய அவுத்துரு."

"ஏம்ப்பா?"

அவன் வலது கையை வெளிச்சத்தில் நீட்டினான்.

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். மூன்றும் கறுத்து வீங்கி, மூன்று திசையில் திரும்பியிருந்தன.

ஹையர் பாஸ் செய்த கை. நேற்று ஆறு மணிக்கு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட அதனால் முடியவில்லை. கைநாட்டுதான் வாங்கினார்கள்.

சபீதா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எறங்குன அன்னைக்கே டைப் டெஸ்ட் வைப்பாங்க சார்" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "அதுல தேறாட்டி அதே பிளேன்ல திருப்பி அனுப்பிருவாங்க."

தளவாய் தொண்டையைச் செருமினார். "கட்டுப் போட்டா... ஆறு வாரத்துல சரியாயிரும்மா. நான் வேணும்னா கம்பெனிக்கு ஒரு லெட்டர்..."

"என்னன்னு எழுதுவீங்க சார்?" அனஸ் கேட்டான். "'விரல ஒடைச்சது நாங்கதான், பையன் நல்ல பையன்'னா?"

தளவாய் தொப்பியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஐயம்பெருமாள் மட்டும் நின்றார். டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அனஸின் இடது கையில் கொடுத்தார். எதையாவது பேச வேண்டுமே என்று கேட்டார்.

"ஏலே... அந்தக் கேமுல போலீசு உண்டா?"

"உண்டு ஏட்டையா."

"புடிச்சா என்ன செய்வான்?"

அனஸ் சிரித்தான். உதட்டுக் காயம் திறந்துகொண்டது.

"துப்பாக்கிய மட்டும் புடுங்கிட்டு ஸ்டேஷன் வாசல்ல விட்டுருவான். கையி காலு எல்லாம் வச்சது வச்ச மாதிரி இருக்கும்... அந்தக் கேமச் செஞ்சவன் வெள்ளக்காரன்லா ஏட்டையா, நம்ம ஸ்டேஷனப் பாக்காமலே செஞ்சுட்டான்!"