பொழுது சாய்ந்ததும் அணைப்பது

குளித்துவிட்டு வந்தவன் பீரோவைத் திறந்து ஒரு துண்டை எடுத்து உதறினான். மடிப்புக்குள்ளிருந்து சாம்பல் கொட்டியது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிக்குக் கீழே குடியிருந்தால் சன்னலில், பாயில், பாத்திரத்தில் எல்லாம் சாம்பல் படியத்தான் செய்யும். ஆனால் பூட்டிய பீரோவுக்குள், மடித்த துணிக்குள்?

"பீரோவைத் தொறந்து போட்டிருந்தியா?"

"சாவி உங்ககிட்டதானே இருக்கு, நான் எங்க தொறக்கறது?" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. "அதை விடுங்க. பாப்பாவைப் போய்ப் பாருங்க. மத்தியானத்துலேர்ந்து இழுப்பு. மருந்தும் கேக்கல."

ஒரே பிள்ளை. இந்தக் காற்றில் வைத்திருந்தால் தாங்காது என்று டாக்டர் பச்சையாகவே சொல்லியிருந்தார். இவன்தான் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இழுத்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. நிலக்கரிப் புகையை அங்கே பெரிய இரும்புத் தகடுகளுக்கு நடுவே விடுவார்கள். மின்சாரம் பாய்ந்ததும் புகையிலிருக்கும் சாம்பல் ஓடிப்போய்த் தகட்டில் அப்பிக்கொள்ளும். தகடுகள் தின்கிற மின்சாரமும் விற்கிற சரக்குதானே என்று, பொழுது சாய்ந்ததும் அவற்றை அணைத்துவிடுவது வழக்கம். இருட்டில் புகையின் நிறத்தை எவன் பார்க்கப் போகிறான்? மேலிடம் வாயால் சொல்லும், இவன் கை அழுத்தும். இன்றும் அழுத்திவிட்டுத்தான் வந்திருந்தான்.

சன்னல்களெல்லாம் சாத்தியிருந்த அறையில் விளக்கைச் சுற்றி மங்கலாகப் புழுதி மிதந்தது. அணைந்த அடுப்பின் நெடி மூக்கை அடைத்தது. கட்டிலில் சாய்ந்திருந்த பாப்பாவின் நெஞ்சிலிருந்து, யாரோ நிறுத்தாமல் மணல் சலிப்பது போல், சர்... சர்... என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவன் கையை நீட்டினான். அவள் அவன் உள்ளங்கையில் இருமினாள்.

சளி இல்லை. ஈரமே இல்லை. வெதுவெதுப்பான சாம்பல்.

"உள்ள சுடுதுப்பா."

பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு போனை எடுத்தான். அடுத்த ஷிப்டில் இருந்தவன் இவனுக்குத் தம்பி மாதிரி.

"தம்பி, தகட்டைப் போடுடா."

"இப்பவா? விளையாடாதீங்கண்ணே. பெரியவர் என்னைத் தொலைச்சுக் கட்டிடுவார்."

"பழியை என் தலையில போடு. என் பொண்ணு மூச்சுக்குத் தவிக்கிறாடா! எல்லாத்தையும் முழுசாப் போடு."

போனில் சுவிட்சுகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது. பிறகு, "போட்டாச்சுண்ணே."

தரையில் கிடந்த சாம்பல் நகர்ந்தது.

காற்று இல்லை. மின்விசிறி ஓடவில்லை. ஆனாலும் கட்டிலுக்கடியிலிருந்தும் போர்வையிலிருந்தும் சாம்பல் கிளம்பி, புகைபோக்கி இருக்கும் பக்கத்துச் சுவரில் போய் அப்பியது. பாப்பாவின் வாயிலிருந்து நூல்போல ஒரு சாம்பல் இழை புறப்பட்டு அதே சுவருக்குப் போயிற்று. அவளுடைய இழுப்பு நின்றது. அப்பாடா! அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அப்பா, யாரு இழுக்கிறது?"

"யாரும் இல்லடா கண்ணு."

அவள் உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது. நெஞ்சு முன்னால் போனது. தலையும் காலும் பின்னால் தொங்கின. அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். வழுக்கினாள். மறுபடி பிடித்தான்.

"அணைடா! தம்பி, அணைச்சுத் தொலைடா!"

போனில் குரல் இல்லை. அங்கே எதுவோ சுவரில் மோதியது. அவ்வளவுதான்.

கை விட்டுப் போயிற்று.

சத். சுவரில் பாப்பா.

பிய்த்தெடுக்கப் பார்த்தான். உள்ளே ஏதோ முறிகிற மாதிரி அலறினாள். விட்டுவிட்டான்.

"என்னங்க..." சமையலறையில் பாத்திரம் உருண்டது. பிறகு ஒரு சத்தம். சத்.

பக்கத்து வீட்டில். அதற்கடுத்த வீட்டில். எதிர் வரிசையில். சத். சத். சின்னச் சத்தங்கள்தான் அதிகம்.

தெரு அடங்கியது. அவனை மட்டும் எதுவும் இழுக்கவில்லை.

பாப்பா தரைக்கு மேலே தொங்கினாள். நெஞ்சு சுவரோடு ஒட்டியிருந்தது. கால்கள் மெல்ல ஆடின. முகத்தை மட்டும் திருப்பி அவனைப் பார்த்தாள். இமைகள் கொட்டின. வாயைத் திறந்தாள். கூப்பிடக் காற்று இல்லை.