தாழ்வுபாட்டுக் கரையில் ஒரு கிற்றார்

வெளிக்கிடும் முன் மில்ரன் செய்தவை எல்லாம் வழமையான காரியங்கள்தான். கிற்றாரின் தந்திகளைத் தளர்த்தினான். பெட்டியை மூடி வாடகை வானின் பின்பக்கத்தில் வைத்தான். நின்றபடியே பாதிப் பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, காய்ச்சலோடு படுத்திருந்த கூட்டாளி ரொபின்சனை எட்டிப் பார்த்தான்.

"பின்னேரம் பஸ்ஸில வந்து சேர். அந்தப் பச்சைச் சேர்ட்டை மட்டும் போட்டுக்கொண்டு வந்திடாதை. வெள்ளைக்காரர் பாட்டுக் கேக்க வருகினம், கிளி பாக்க இல்லை."

ரொபின்சன் சிரிக்கவில்லை. தலை இடித்துக்கொண்டிருந்தது. வான் ஒழுங்கையால் திரும்பும் சத்தம் கேட்டது.

சில நாட்களின் பின் கொண்டச்சிப் பக்கம் ஒதுங்கிய மில்ரனின் உடலை ரொபின்சன்தான் போய் அடையாளம் காட்டினான். கடல் அதில் அதிகம் மிச்சம் வைத்திருக்கவில்லை. விலா எலும்புகள் முறிந்திருந்தன. பாறையில் அடிபட்டிருக்கும் என்றார்கள். தற்கொலை என்று ஊர் அதற்கு முன்பே தீர்த்துவிட்டிருந்தது.

எருக்கலம்பிட்டியில், ஓய்வு பெற்ற பொலிஸ் சார்ஜன்ட் சரிபுதீனின் வீட்டு வாசலில் ரொபின்சன் நின்றபோது, அவன் கையில் அந்தக் கிற்றார் பெட்டியும் ஒரு பொலித்தீன் பையும் இருந்தன. பொலிசார் திருப்பிக் கொடுத்தவை. மில்ரனின் மனைவி றஞ்சிதாவால் அவற்றை வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை.

"உள்ளுக்கு வாங்கோ தம்பி, கதிரையில இருங்கோ," என்றாள் சரிபுதீனின் மனைவி உம்மு குல்சூம். கணவர் உத்தியோகத்தை விட்டாலும் அவள் விட்டபாடில்லை. பேப்பரில் கொலைச் செய்தி வந்தால் காலைச் சாப்பாடு பிந்தும். "நீங்கள் ரெண்டு பேரும்தானே அந்த இங்கிலிஷ் ஒப்பாரி வாசிக்கிற ஆக்கள்?"

"ஓம் ராத்தா."

வங்காலையில் பிறந்த அந்த இருவரும், நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்கக் கறுப்பு மக்களின் ப்ளூசையும் ராக்டைமையும் பழைய ஜாசையும் இரண்டு மரக் கிற்றார்களில் வாசித்துக்கொண்டு யாழ்ப்பாணம் முதல் காலி வரை ஊர் ஊராகத் திரிந்தவர்கள். மில்ரன் காணாமற்போன அன்று தலைமன்னாரில் ஒரு ஹோட்டலில் வாசிப்பதாக இருந்தது.

"மில்ரனுக்கு இடக்கை விரல் மரத்துக்கொண்டு வந்தது," என்றான் ரொபின்சன். "நரம்பு எண்டு டொக்டர் சொன்னவர். அதாலதான் செத்தவன் எண்டு சனம் கதைக்குது. றஞ்சிதா ஒவ்வொரு நாளும் என்னட்டை ஒரே கேள்விதான் கேக்கிறா. 'நான் என்ன குறை வைச்சனான்?' சரிபுதீன் நானா, நான் என்னத்தைச் சொல்ல? எனக்கும் அவன் ஒண்டும் சொல்லேல்லை. சொல்லாமல் போவானே?"

சரிபுதீன் உடனே ஆறுதல் சொல்லும் ஆள் இல்லை. "கடைசியாக் கண்டது ஆர்?" என்று கேட்டார்.

"வான் ஓடின மதுஷன். தாழ்வுபாட்டுக் கரையில இறக்கச் சொன்னவராம். கொஞ்ச நேரம் தனிய வாசிக்கப் போறன், நீ போய்ச் சாப்பிட்டிட்டு வா எண்டவராம். இவன் வெளிக்கிடேக்கையும் கவிழ்த்த வள்ளத்தில இருந்து வாசிச்சுக்கொண்டு இருந்தவராம். திரும்பி வந்தால் மூடின பெட்டியும், அதுக்கு மேல செருப்பும்தான்."

"எடுத்த ஆக்கள் பெட்டியைத் திறந்தவையோ?"

"ஒருத்தரும் திறக்கேல்லை. பொலிஸ் திறந்து பாத்திட்டு அப்பிடியே மூடினது. எனக்கு மனம் வரேல்லை."

"இப்ப திறவும்."

ரொபின்சன் திறந்தான். உம்மு குல்சூம் குனிந்து ஒரு தந்தியை விரலால் சுண்டினாள். அது செத்த சத்தத்தோடு மரத்தில் அடித்தது. "என்ன தம்பி, உடுப்புக் காயப்போடுற கயிறு மாதிரிக் கிடக்கு?"

"அது எப்பவும் அப்பிடித்தான் ராத்தா. வெயிலுக்கை வானில கிடந்தால் தந்தி இழுத்து மரத்தைத் தூக்கிப்போடும். ஏத்த முதல் தளர்த்துவம், இறக்கி வாசிக்கேக்கை முறுக்குவம்." அவன் மூடியை இறக்கினான். அவன் வாழ்நாளில் பெட்டியைத் திறந்த போதெல்லாம் தந்திகள் தளர்ந்துதான் இருந்திருக்கின்றன.

சரிபுதீன் பொலித்தீன் பையிலிருந்த செருப்புகளை வெளிச்சத்தில் பிடித்தார். வார்களின் இடுக்கிலும் அடியிலும் கறுப்புச் சேறு தடிப்பாகக் காய்ந்திருந்தது. அவர் நகத்தால் கொஞ்சம் சுரண்டி, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

"மதுஷன் எங்க இப்ப?"

"வீட்டிலதான். வாற கிழமை கட்டாருக்கு வேலைக்குப் போறான்."

"றஞ்சிதாவையும் அவனையும் நாளைக்கு இஞ்ச கூட்டிக்கொண்டு வாரும். மில்ரனின் கடைசி நேரத்தைப் பற்றி அவ கேக்க ஆசைப்படுறா எண்டு சொல்லும்."

மறுநாள் மதுஷன் வந்தான். நல்ல பிள்ளை. றஞ்சிதாவின் முகத்தை நிமிர்ந்து பாராமல், முன்பு சொன்னதையே சொல் மாறாமல் சொன்னான்.

"என்ன வாசிச்சவர்?" என்று சரிபுதீன் கேட்டார்.

"அந்த வேகமான ராக்டைம், சேர். அண்ணைமார் கடைசியா வாசிக்கிறது."

"ரொபின்சன், தந்தி முறுக்கிற சாவிகளைத் தொடாமல் அதை வாசியும்."

ரொபின்சன் கிற்றாரை மடியில் வைத்தான். பெருவிரலை ஓடவிட்டான். பாட்டு வரவில்லை. நனைந்த அட்டையைத் தட்டுவதுபோல ஏதோ வந்தது. அவன் கை நின்றது. இந்தத் தந்திகளில் மில்ரன் கரையில் வாசித்திருக்கவே முடியாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தன் கண்முன்னே, தன் மடியிலேயே அது கிடந்திருக்கிறது.

"பொறுங்கோ," என்றாள் உம்மு குல்சூம் ஆவேசமாக. "வாசிச்சு முடிஞ்ச பிறகு தளர்த்தியிருக்கலாமே?"

"தளர்த்தியிருக்கலாம்," என்றார் சரிபுதீன். "அப்பிடியெண்டால் திரும்ப வானில ஏறத்தான் தளர்த்தியிருக்கிறார். சாகப் போற மனுசனுக்கு வானின் சூட்டைப் பற்றி என்ன கவலை? எப்பிடிப் பாத்தாலும் அவர் கடலுக்குள்ள நடந்து போகேல்லை."

றஞ்சிதா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"இனிச் செருப்பு. இது கறுப்புச் சேறு. வங்காலையிலிருந்து வாற வழியில, பறவைகள் மேயிற உவர்ச் சதுப்பில இருக்கிற சேறு. தாழ்வுபாட்டில கால் புதையிற வெள்ளை மணல். ஈரச் சேத்துச் செருப்போட அந்த மணலில நடந்தால் என்ன ஆகும் குல்சூம்?"

"பலகாரத்தில சீனி பிரட்டின மாதிரி ஒட்டும்."

"இதில ஒரு மணல் இல்லை. இந்தச் செருப்பு அந்தக் கரையில நடக்கேல்லை. ஆரோ கையில கொண்டு வந்து வைச்சிருக்கினம். பெட்டியையும் அப்பிடித்தான். திறந்து பாக்காமல்." அவர் குரல் உயரவில்லை. "தம்பி மதுஷன், வான் எந்த இடத்தில புதைஞ்சது?"

மதுஷன் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்தான்.

"குறுக்கால போவம் எண்டு வானைச் சதுப்புக்கை இறக்கினனான்," என்றான். "ரயர் சேத்துக்கை இறங்கீற்றுது. மில்ரன் அண்ணை இறங்கிப் பின்னால தள்ளினவர். கிளம்பேல்லை. பின்னுக்கு எடுத்துப் பாப்பம் எண்டு ரிவர்ஸ் போட்டனான். அவர் விலகீட்டார் எண்டுதான்... சத்தியமா விலகீட்டார் எண்டுதான் நினைச்சனான். கேஸ் எண்டு வந்தால் கட்டார் போகேலாது. வீட்டில நாலு சீவன் என்னைப் பாத்துக்கொண்டு இருக்கு. பக்கத்தில வாய்க்கால், அதுக்கை விட்டிட்டன். கடல் வத்தேக்கை எல்லாத்தையும் இழுத்துக்கொண்டு போயிடும்."

றஞ்சிதாதான் கேட்டாள்.

"வாய்க்காலுக்கை விடேக்கை, அவருக்கு மூச்சு இருந்ததோ?"

மதுஷன் தலையைக் குனிந்தான்.

"சொல்லு தம்பி."

"தெரியாது அக்கா. பாக்கப் பயமா இருந்தது."

உம்மு குல்சூம் எழுந்து உள்ளே போய்விட்டாள். இப்படி ஒரு முடிவை அவள் பேப்பரில் படித்ததில்லை. சரிபுதீன் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர்கள் வரும்வரை மதுஷன் அந்தக் கதிரையிலேயே இருந்தான். தப்பி ஓட நினைத்தவன்போலவும் இல்லை, இருக்க முடிந்தவன்போலவும் இல்லை.

றஞ்சிதாவும் ரொபின்சனும் ஓட்டோவில் திரும்பினார்கள். பாலம் வந்தபோது இருபுறமும் தண்ணீர் வெயிலில் மினுங்கியது. அவள் அதைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்ப, அவர் வாசிக்கத்தான் போனவர்?"

"ஓம்."

"வாசிச்சிட்டு வீட்டை வரத்தான் இருந்தவர்?"

"ஓம் றஞ்சிதா. வரத்தான் இருந்தவன்."

அவள் அன்றுதான் சத்தமாக அழுதாள். சாவீட்டில்கூட அப்படி அழவில்லை. ஓட்டோக்காரன் வேகத்தைக் குறைத்தான். ரொபின்சன் அவளைத் தேற்றவில்லை. அவளுடைய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பதில் கிடைத்த இடத்திலேயே இன்னொன்று முளைத்திருந்தது. மூச்சு இருந்ததோ இல்லையோ என்பதை இனி எந்தச் சார்ஜன்டாலும் கண்டுபிடிக்க முடியாது. அதை இருவரும் சாகும்வரை பங்குபோட்டுச் சுமக்க வேண்டியதுதான்.

நினைவுத் திருப்பலி முடிந்த மாலை, அந்த ராக்டைமை ஒருமுறை வாசிக்கும்படி றஞ்சிதா கேட்டாள். ஊர்ச்சனம் முற்றத்தில் இருந்தது. வாய்க்கு வந்தபடி கதைத்தவர்களும் இருந்தார்கள். ரொபின்சன் தந்திகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சுருதி சேர்த்தான். பெருவிரலால் அடித்தந்திகளை மிதித்து, ஆடி நடக்கும் அந்தத் தாளத்தை முதலிலிருந்து கடைசிவரை தவறாமல் வாசித்தான். பாட்டை அறிந்தவர்கள் மற்றக் கிற்றாருக்காகக் காத்திருந்தார்கள்.

மேலே துள்ளிப் போகும் பகுதி மில்ரனுடையது. அது ரொபின்சனுக்கு ஒருநாளும் வந்ததில்லை.