தகரமூடிக் கேக்

அந்த வீட்டு ஓவனில் கேக் கருகியது அன்றுதான் முதல் தடவை. அதுவும் பாட்டியின் பிறந்த நாளில் போய்க் கருகித் தொலைத்தது.

பாட்டி இல்லாமல் வந்த முதல் பிறந்த நாள் அது. இருந்தவரை, தன் பிறந்த நாளுக்குத் தானே ஆரஞ்சு கேக் செய்து எல்லாருக்கும் ஊட்டுவார். "எனக்குப் பிடிச்ச மாதிரி வேற யாருக்குச் செய்யத் தெரியும்?" என்பார். அது வெறும் வாய்ப் பெருமை இல்லை. அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டே, கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல், "வெந்துடுச்சு, எடுங்க" என்பார். எடுத்துப் பார்த்தால் பொன்னிறத்தில் பூப்போல வெந்திருக்கும். எப்பேர்ப்பட்ட மூக்கு அது!

இந்த வருஷம் அப்பாவும் அத்தையும் செய்தார்கள். ஒரு பக்கம் கரி, நடுவில் கூழ்.

"அம்மா நோட்டுல இருக்கற மாதிரிதானே செஞ்சோம்?" என்றார் அத்தை.

"நீதான் சூட்டை ஏத்தின" என்றார் அப்பா.

"நீதான் நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து பார்த்த."

அண்ணனும் தங்கையும் சின்னப் பிள்ளைகளைப் போல மல்லுக்கு நின்றார்கள். அப்பாவின் மகள் சுண்டெலி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. எந்நேரமும் எதையாவது கொறிப்பதால் பாட்டி வைத்த பட்டப்பெயர் அது.

அவளுடைய கவலை கேக்கைப் பற்றியது அல்ல, தாத்தாவைப் பற்றியது. நாற்பது வருஷம் கைக்கடிகாரம் பழுதுபார்த்தவர் தாத்தா. பாட்டி போனதிலிருந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவர் வாயில் ஒரே ஒரு சொல்தான். "போதும்." இரண்டு வாய் தின்றால் போதும், அரை டம்ளர் பால் குடித்தால் போதும். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. இன்றைக்குப் பாட்டியின் கேக்கையாவது ஆசையாகச் சாப்பிடுவார் என்று சுண்டெலி ஒரு வாரமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"வெண்ணெய் இன்னும் ஒரு கேக்குக்குத்தான் வரும். கடையும் இன்னிக்கு லீவு" என்றபடி அத்தை மறுபடி மாவு கலக்கினார்.

"அத்தை, முதல்ல தகரமூடியில ஊத்தலையா?" என்று கேட்டாள் சுண்டெலி.

"எந்த மூடி?"

"பிஸ்கட் டப்பா மூடி. பாட்டி எப்பவும் அதுல ரெண்டு கரண்டி ஊத்தி, குட்டிக் கேக் செய்வாங்களே."

அத்தை சிரித்துவிட்டார். "அது பசங்க வாயை அடைக்கறதுக்குடி. சின்ன வயசுல எனக்கும் கொடுத்திருக்காங்க. இருக்கற மாவே கொஞ்சம், இதுல உனக்குத் தீனி வேறயா?"

"சும்மா கொடுக்க மாட்டாங்க அத்தை. மூணு கேள்வி கேட்பாங்க. அடி பிடிச்சிருக்கா? நடு வெந்திருக்கா? இன்னும் வேணுமா?"

அத்தையின் கரண்டி நின்றது.

"ஆமா" என்றார் அப்பா மெதுவாக. "ஒரு பக்கம் கசக்குதுன்னு நான் சொன்னா, உடனே போய் ஓவன்ல என்னமோ செய்வாங்க."

"பெரிய கேக் வேகும்போது பாதியில தட்டைத் திருப்பி வைப்பாங்க. இந்த ஓவனுக்குத் தினம் ஒரு குணம், முதல்ல அதைத் தெரிஞ்சுக்கணும்னு சொல்வாங்க" என்றாள் சுண்டெலி.

அப்பாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடேயப்பா, அம்மா என்கிட்ட வேலை வாங்கியிருக்காங்க" என்றார் அத்தை. "நான் இத்தனை வருஷமா செல்லம்னு நினைச்சிட்டிருந்தேன்."

பத்து நிமிடத்தில் குட்டிக் கேக் வெந்து வந்தது. சுண்டெலிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. மூடியைத் துணியால் பிடித்து மூக்கருகே கொண்டுபோனவள், ஒரு கணம் யோசித்தாள். பிறகு நேராக முன்னறைக்கு நடந்தாள்.

"எனக்கு வேண்டாம்மா, நீ சாப்பிடு" என்றார் தாத்தா.

"இது சாப்பிடறதுக்கு இல்ல தாத்தா. பார்த்துச் சொல்றதுக்கு. ஓவன் ரிப்பேர்."

ரிப்பேர் என்றதும் தாத்தா நிமிர்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கேக்கைத் திருப்பிப் பார்த்தார், பிட்டார், இரண்டு பக்கமும் ஒவ்வொரு துண்டு வாயில் போட்டு மென்றார்.

"அடி பிடிச்சிருக்கா தாத்தா?"

"அடி பரவாயில்ல. வலது பக்கம்தான் அஞ்சு நிமிஷம் வேகமா ஓடுது."

"நடு?"

"ஸ்லோ. சூட்டைக் குறைச்சு நிதானமா வேக விடச் சொல்லு."

மூன்றாவது கேள்வியைச் சுண்டெலி மெதுவாகக் கேட்டாள். "இன்னும் வேணுமா தாத்தா?"

கேள்வி யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். "பெரிசு வரட்டும். சொல்றேன்."

சூட்டைக் குறைத்தார்கள். பாதி வெந்ததும் அப்பா தட்டைத் திருப்பி வைத்தார். வீடு முழுக்க ஆரஞ்சு மணம் பரவியது. யாரும் கதவைத் திறந்து பார்க்கவில்லை.

கேக் பொன்னிறத்தில் உப்பி வந்தது. அத்தை முதல் துண்டைத் தாத்தாவுக்கு வைத்தார். அவர் மெல்ல மெல்ல, கடைசித் துணுக்கு வரை தின்று முடித்தார்.

தாத்தா காலித் தட்டைச் சுண்டெலியிடம் நீட்டினார்.

"வேணும்" என்றார். "இந்தத் தடவை கொஞ்சம் பெரிசா வெட்டச் சொல்லு."