கீழத்தெருவுக்கு வந்த விளக்கு

பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் பாண்டியம்மாளுக்கு விளக்குக் கம்பம் வேடம் கிடைத்தது. வசனம் எதுவும் கிடையாது. தலையில் காகித விளக்கோடு இருபது நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும்.

"மூக்கு அரிச்சா சொறியலாமா டீச்சர்?" என்று கேட்டாள்.

"கம்பத்துக்கு மூக்கு ஏதும்மா?" என்றார் மைத்ரேயி டீச்சர். ஆறாம் வகுப்பே சிரித்தது.

நாடகம் சையது மீரா ராவுத்தரைப் பற்றியது. மேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் செக்கடிப்பேட்டையில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. நூற்று நாற்பது வருடங்களுக்கு முன்னால் வாழ்ந்தவர். பத்து வயதில் எண்ணெய்க் குடத்தைத் தலையில் சுமந்து சந்தைக்கு நடந்தவர், பிறகு நான்கு செக்குகளுக்குச் சொந்தக்காரர் ஆனார். பஞ்சம் வந்தபோது ஆறு மாதம் தன் வீட்டு வாசலில் கஞ்சி ஊற்றினார். ஊர்ச் சபைக்குத் தலைவரானதும் தெருவுக்குத் தெரு எண்ணெய் விளக்கு நட்டார். அதனால் 'விளக்கு ராவுத்தர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வசனம் எழுதும் பொறுப்பு அதே வகுப்பு நிலோபருக்கு. ராவுத்தராக நடிப்பவன் கிரிதர். ஒட்டுத் தாடியைக் கையில் வாங்கிய நாளிலிருந்து அவன் யாரிடமும் சாதாரணமாகப் பேசுவதில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் பாண்டியம்மாள் கேட்டாள்.

"ஏ நிலோ, எல்லாத் தெருவுக்கும் விளக்கு வெச்சாருன்னு எழுதியிருக்கியே, எங்க கீழத்தெருவுக்கும் வெச்சாரா?"

"எல்லாத் தெருன்னா உங்க தெருவும்தானே?"

"அப்படித்தான் சொல்வாங்க. ஆனா 'எல்லாரும் வாங்க'ன்னு கூப்பிடுறப்ப எங்களை விட்டுட்டுப் போனது எத்தனையோ தடவை நடந்திருக்கு. நீ பாத்துச் சொல்லு."

உண்மையில் நிலோபர் எங்கேயும் பார்க்கவில்லை. 'எல்லாத் தெருவுக்கும்' என்பது எழுத நன்றாக இருந்தது, எழுதிவிட்டாள்.

சனிக்கிழமை காலை நூலகத்துக்குப் போனாள். பழைய ஊர்ச் சபையின் கூட்டக் குறிப்புகளை யாரோ அச்சடித்து வைத்திருந்தார்கள். தூசு தட்டியதில் ஏழு தும்மல் வந்தது. எட்டாவது தும்மலுக்கு முன்னால் அந்தப் பக்கம் கிடைத்தது.

பன்னிரண்டு விளக்குகள். எந்தெந்தத் தெரு என்று வரிசையாகப் பெயர்கள். கீழத்தெரு இல்லை. அதற்குக் கீழே ஒரு வரி: 'கீழத்தெருவில் கடை கண்ணி ஏதுமில்லை, ஆகையால் அங்கு விளக்கு அவசியமில்லை எனத் தலைவர் சொன்னார்.'

தலைவர் என்றால் சையது மீரா ராவுத்தர்தான்!

புத்தகத்தை மூடிவிடலாமா என்று நிலோபர் நினைத்தாள். 'பாண்டியம்மாகிட்ட என்ன சொல்றது?' என்ற நினைப்பு வந்ததும் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அதற்கடுத்த பக்கத்தையும் புரட்டினாள். பிறகு தரையில் உட்கார்ந்து மதியம் வரை படித்தாள்.

திங்கட்கிழமை மைத்ரேயி டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல வேலை பண்ணியிருக்க. ஆனா நம்ம விழாவுக்குச் சிறப்பு விருந்தினரே ராவுத்தர் வம்சத்துல வந்த பக்கீர் முகமது அய்யாதான். மேடையில வெச்சு அவரைச் சங்கடப்படுத்தலாமா?"

நிலோபர் உடனே வழி சொன்னாள்.

"மேடையில வெச்சு ஏன் டீச்சர்? நான் முன்னாடியே போய் அவர்கிட்ட சொல்லிடுறேன்."

பக்கீர் முகமதுவின் எண்ணெய்க் கடை கடைவீதியில் இருந்தது. நிலோபர் சலாம் சொல்லிவிட்டு, நோட்டில் எழுதி வந்ததை நீட்டினாள். அவர் முதல் பாதியைப் படித்ததும் முகம் சுருங்கியது.

"ஏம்மா, எங்க பாட்டனார் எம்புட்டோ நல்லது செஞ்சிருக்காரு. இந்த ஒண்ணைத்தான் தோண்டி எடுக்கணுமா?"

"மீதியையும் படிங்க மாமா."

"எதுக்கு? ஊரே கை தட்டுற எடத்துல எங்க ஆளு தப்பு செஞ்சாருன்னு சொல்லவா?"

நிலோபர் விடாமல் சொன்னாள்.

"தப்பே செய்யாதவருன்னா கிரிதர் தாடியை ஒட்டிக்கிட்டு சும்மா நின்னா போதும் மாமா. சிலை மாதிரி. தப்பைச் சரி பண்ணவருன்னாத்தான் நடிக்கிறதுக்கு ஏதாச்சும் இருக்கு."

பக்கீர் முகமது அவளைப் பார்த்தார். எண்ணெய் வாங்க வந்தவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு மீதியைப் படித்தார். படித்து முடித்தும் நோட்டைத் திருப்பித் தரவில்லை. இன்னொரு முறை முதலிலிருந்து படித்தார்.

"இம்புட்டு நாளா இது எங்க வீட்டுல யாருக்கும் தெரியாதும்மா" என்றார் மெதுவாக. "போடு. ஒரு வரி விடாமப் போடு."

"இதுல வர்ற மருத்துவச்சி சோணையம்மாளா பாண்டியம்மா நடிக்கட்டுமா மாமா? அவளும் அதே கீழத்தெருதான்."

"அதை என்கிட்ட ஏன் கேக்குற? அந்தப் புள்ளகிட்டக் கேளு."

பாண்டியம்மாள் அரை நொடியில் சம்மதித்தாள். விளக்குக் கம்பத்துக்கு அவளுக்குப் பதிலாக, காகித விளக்கை ஒரு மூங்கில் கழியில் கட்டினார்கள். கிரிதர்தான் கவலைப்பட்டான்.

"ராவுத்தர் மன்னிப்புக் கேக்கணுமா?"

"ஆமா. கண்ணு கலங்கணும்."

"அழலாமா? அப்ப சரி!" என்றான் கிரிதர். அழுது நடிக்க அவனுக்கு ரொம்ப நாளாக ஆசை.

விழா நாளன்று மாலை ஐந்து மணிக்கே கூட்டம் நிறைந்துவிட்டது. கீழத்தெருவிலிருந்து மட்டும் ஐம்பது பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் பக்கீர் முகமது, பள்ளி சார்பில் தோளில் போர்த்திய சரிகைச் சால்வையோடு உட்கார்ந்திருந்தார்.

மேடையில் ஊர்ச் சபை கூடியிருந்தது. பாண்டியம்மாள் கம்பு ஊன்றி நொண்டிக்கொண்டே வந்தாள்.

"யாரும்மா நீ?" என்று கேட்டான் கிரிதர்.

"உங்க மூணு புள்ளைகளையும் பிரசவம் பாத்து எடுத்த சோணையம்மா. கால் ஒடிஞ்சதுல அடையாளம் தெரியலையோ?"

"கால் எப்படி ஒடிஞ்சது?"

"முந்தாநாள் ஒரு பொண்ணுக்கு வலி வந்துச்சுன்னு இருட்டுல ஓடுனேன். பள்ளத்துல விழுந்தேன். கடை கண்ணி இல்லாத தெருவுக்கு விளக்கு எதுக்குன்னு கேட்டீகளாமே? எங்க தெருவுல கடை இல்ல, சாமி. மனுசங்க இருக்கோம்."

அடுத்து கிரிதர் பேச வேண்டும். அவனுக்கு வசனம் மறந்துவிட்டது. தாடி மட்டும் ஆடியது.

பாண்டியம்மாள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"என்ன ராவுத்தரே, வாயடைச்சுப் போச்சா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் போவேன்!"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. கிரிதருக்கு நினைவு வந்துவிட்டது.

"என் பிள்ளைகளை முதலில் ஏந்திய கை உன்னுடையது, ஆத்தா. உன்னை இருட்டில் நடக்க விட்டேன். தப்பு என்னுடையது" என்றான். உண்மையாகவே அவன் கண்ணில் நீர் வந்தது. "புது விளக்கு வர ஒரு மாதமாகும். அதுவரை நீ காத்திருக்க வேண்டாம். என் கடை வாசல் விளக்கைப் பிடுங்கி உன் தெருவில் நடுகிறேன். நானே நடுகிறேன்."

மூங்கில் கழியைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் நடக்க, சபையினர் பின்னால் நடந்தார்கள். சோணையம்மாள் எல்லாருக்கும் முன்னால் நடந்து வழி காட்டினாள்.

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. கீழத்தெருக்காரர்கள் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். பாண்டியம்மாளின் அம்மா அடித்த விசில்தான் எல்லாவற்றிலும் பலம்.

பக்கீர் முகமது மேடையேறினார். பேச்சு எழுதி வந்திருந்தார், ஆனால் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தோளிலிருந்த சால்வையை எடுத்துப் பாண்டியம்மாளுக்குப் போர்த்தினார்.

"சோணையம்மாவுக்கு எங்க வீட்டுல செய்ய வேண்டிய மரியாதை, தாயி. கொஞ்சம் தாமதமாயிருச்சு" என்றார்.

சால்வை அவளுக்கு ரொம்பப் பெரிது. விழா முடிந்ததும் அதன் முன்பக்கத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, நொண்டுவதை நிறுத்த மறந்து, பாண்டியம்மாள் கீழத்தெருவுக்குள் ராணி மாதிரி நடந்து போனாள். பின்பக்கம் மண்ணில் புரளாமல் நிலோபர் தூக்கிப் பிடித்துக்கொண்டே கூடப் போனாள்.