ஏறும் ஈரம்

கதவிடுக்குகளில் டேப் ஒட்டி முடித்ததும் இறங்க வேண்டிய ஈரப்பத எண், என்ன கேடோ, ஏறிக்கொண்டே இருந்தது. ஆவணக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். உள்ளிருக்கும் ஈரத்தைக் காட்ட வெளிச்சுவரில் மாட்டிய மீட்டரை முறைத்துக்கொண்டு நின்றாள். விடாத மழை, பகலிலேயே விளக்குப் போடவேண்டிய இருட்டு. பூஞ்சை பிடித்த காகிதங்களுக்காக உள்ளே மருந்துப்புகை போட்டிருந்தாள். ஈரம் உறிஞ்சும் மெஷினும் சுவருக்கு அப்பால் உர்ரென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆள் யாராவது உள்ளே நின்று மூச்சு விட்டால்தான் எண் இப்படி ஏறும்.

தம்பி!

மெஷினுக்கு ஃபில்டர் மாற்றப் போனவன் அவளுடைய சொந்தத் தம்பி. டேப் ஒட்டுமுன் எப்போதும் உள்ளே எட்டி ஒரு குரல் கொடுப்பாள். இன்று, ஈரக்காற்று புகுந்துவிடுமே என்ற அவசரத்தில் கொடுக்கவில்லை.

டேப்பைப் பிய்த்தெறிந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். நெடி கண்ணை எரித்தது. கூப்பிட்டாள், பதில் இல்லை. கடைசி அலமாரி ஓரத்தில் முதுகைக் காட்டியபடி நின்றிருந்தான். கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துவந்தாள். புகை வெளியேறாதபடி கதவைச் சாத்தி, புது டேப்பை அழுத்தி ஒட்டினாள். அதன்பிறகுதான் அழுகையும் திட்டும் சேர்ந்து வந்தன. எருமை, கூப்பிட வாய் இல்லையா, அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று பொரிந்து தள்ளினாள். அவன் பெஞ்சில் அவளருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவள் பிடித்திருந்த கை சில்லென்று, நனைந்த அட்டைபோல் நசநசத்தது. பயத்தில் வியர்த்திருக்கும், பாவம்.

மீட்டரைப் பார்த்தாள்.

இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

கதவின் உட்புறம், தரையை ஒட்டி, ஒரு தட்டல்.

"அக்கா... மூச்சு முட்டுது. கதவத் தொறக்கா."

தம்பியின் குரல். பக்கத்தில் இருந்தவன் வாயே திறக்கவில்லை. அவன் நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை.

எழப் பார்த்தாள். முடியவில்லை. சில்லிட்ட விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின. மறுகையைக் கதவு டேப்புக்கு நீட்டினாள். எட்டவில்லை.

தட்டல். மறுபடி தட்டல். பிறகு நகம் கீறும் சத்தம்.

பிறகு அதுவும் இல்லை.

சுவரில் எண் மெல்ல இறங்கத் தொடங்கியது.

"பாத்தியாக்கா," என்றது அது, தம்பியின் முகத்தை அவள் பக்கம் திருப்பி. "எறங்கிடுச்சு."