பாட்டு நின்றுபோன வீடு

திங்கள்கிழமை, பகல் 1.10.

பக்கத்து வீட்டு ராஜவேல் சோற்றுக் கேரியரோடு உள்ளே நுழைந்தான். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அந்த வீட்டின் வாசல் கதவு பத்து நாளாகத் தாழ்ப்பாள் கண்டதில்லை. சாவு விழுந்த வீடு, துக்கம் கேட்க யார் எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது. கூடத்தில், இறந்துபோன கன்னியப்பனின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பெரிம்மா, சாம்பார் ஆறிடப் போவுது, வாங்க."

பதில் இல்லை. பின்கட்டுக்குப் போனான். கன்னியப்பனின் மனைவி அமுதவல்லி ஆட்டுக்கல் ஓரமாகக் கிடந்தாள். தலைக்கு அடியில் ரத்தம் உறைந்திருந்தது. அவன் போட்ட கூச்சலில் தெருவே திரண்டுவிட்டது.

1.45.

இன்ஸ்பெக்டர் கோபிநாத்தும் சப்-இன்ஸ்பெக்டர் நஜீமாவும் வந்தார்கள். பின்கதவு கடப்பாரையால் நெம்பப்பட்டிருந்தது. பீரோ உடைபட்டு, பத்து பவுன் நகை காணாமல் போயிருந்தது. யாரோ தள்ளியதில் ஆட்டுக்கல்லில் தலை மோதி உயிர் போயிருக்கிறது, நேரம் பதினொன்றரை வாக்கில் என்றார் டாக்டர். பீரோவின் பக்கவாட்டில் ராஜவேலின் கைரேகை பளிச்சென்று பதிந்திருந்தது. போதாக்குறைக்கு அவன்மேல் பழைய அடிதடி கேஸ் ஒன்றும் இருந்தது.

கோபிநாத் கெட்ட மனிதர் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான். ஆனால் அவசரக்காரர் கையில் ஒருத்தன் மாட்டிக்கொண்டால் அவன் கதி என்னவென்று நம் எல்லோருக்கும் தெரியும்.

"பெரிப்பாவக் கெடத்த எடம் பத்தல சார். நாந்தான் பீரோவ நவுத்துனேன். தெருவுல எல்லாரையும் கேளுங்க."

"கேக்கறோம், கேக்கறோம். வண்டில ஏறு."

5.20.

ஸ்டேஷன் படிக்கட்டில் ராஜவேலின் மனைவி செல்வாம்பாள் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து வரும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. அதைப் பார்த்த நஜீமா நேராக இன்ஸ்பெக்டர் அறைக்குப் போனாள்.

"சார், முன்கதவு தொறந்தேதான் கெடந்துது. தெருவுக்கே தெரியும். அதுல தெனம் ரெண்டு வேளை சோறு எடுத்துட்டுப் போறவன், கடப்பாரையத் தூக்கிட்டு ஏன் பின்சந்து வழியா வரணும்?"

"நம்மள ஏமாத்தத்தான்."

"அந்தம்மா கழுத்துல அஞ்சு பவுன் தாலி அப்படியே கெடக்குது சார். பதினாறாம் நாள் காரியத்துலதான அவங்க வழக்கப்படி கழட்டுவாங்க? நகைக்குன்னே வந்தவன் அதத் தொடாம ஓடியிருக்கான். ஆளப் பாத்ததும் அரண்டு போயிருக்கான். வீட்டுல ஆள் இருக்கும்னே அவன் நெனைக்கல."

"சாவு வீட்டுல ஆள் இல்லாம இருக்குமா?"

"அதான் சார். தெருமுனைல ஆள் உயரத்துக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் நிக்குது. வந்தவன் அதப் பாக்கல. இந்தத் தெரு ஆளே இல்ல அவன்."

கோபிநாத் கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு நாலு மணிக்குக் கோர்ட்டு. அதுக்குள்ள வேற ஆளக் காட்டு, விட்டுடறேன். இல்லன்னா இவன்தான்."

செவ்வாய்க்கிழமை, காலை 9.00.

சவக்கிடங்கு வாசல். அமுதவல்லியின் ஒரே மகள் நிர்மலா, சென்னையில் வேலை. ராத்திரி பஸ்ஸில் வந்தவள் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. வீட்டுக்குப் போலீஸ் சீல் வைத்திருந்ததால் நேரே இங்கேயே வந்துவிட்டாள். கையில் இரண்டு போன். அதில் பழையது கிணிங் என்றது. அவள் அதைப் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்தாள்.

"என்னம்மா?" என்றாள் நஜீமா.

"பாருங்க மேடம் இந்தக் கொடுமைய."

திரையில் இருந்தது: 'குடும்பத்தோடு ஊர் சுற்றும் உங்களுக்கு இனிய பயண வாழ்த்துகள்! வாடகைக் காருக்கு இருபது சதவீதம் தள்ளுபடி. வெற்றி டிஜிட்டல், ரெட்டியார்பாளையம்.'

"இது எங்கப்பா போன். பாட்டுக்கூடுன்னு ஒரு ஆப்பு, அதுலதான் வருது. தெனம் காலைல அஞ்சரைக்கு முருகன் பாட்டு போடுவாரு. தெருவுக்கே அதான் அலாரம். அவரு போனதும் பாட்டு நின்னுடுச்சு. சாவு வீட்டுல யாரு பாட்டு போடுவா? மூணாம் நாளு நாந்தான் போன எடுத்துட்டு சென்னைக்குப் போயிட்டேன், பேங்க் மெசேஜ் எல்லாம் இதுல வருமேன்னு. அம்மா சமாளிச்சுக்கறேன்னு சொன்னாங்க. அப்பலேந்து இனிய பயணம், இனிய பயணம்னு வருது. செத்துப்போனவருக்கு!"

அவள் உடைந்து அழுதாள். நஜீமா அவள் தோளில் கை வைத்தபடியே அந்த வரியை மறுபடி படித்தாள். ஊர் சுற்றும் உங்களுக்கு. யார் சொன்னது?

10.15.

ஆறு மாதமாகத் துப்புக் கிடைக்காத மூன்று வீட்டுத் திருட்டுகள் நஜீமாவின் மேஜையில் தூசி பிடித்துக் கிடந்தன. மூன்றிலும் பட்டப்பகல், பின்கதவு, கடப்பாரை. மூன்று வீட்டாரும் அப்போது ஊரில் இல்லை. அவள் வரிசையாகப் போன் போட்டாள். மூன்று பேரிடமும் ஒரே கேள்வி, மூன்று பேரிடமும் ஒரே பதில். ஆமாம் மேடம், பாட்டுக்கூடுதான். ஆமாம், இனிய பயணம்னு வந்துது, எப்படித்தான் தெரியுதோன்னு ஆச்சரியப்பட்டோம்.

ஆச்சரியப்பட்டார்களாம். இலவசம் என்றால் நமக்கு வாயெல்லாம் பல்லாகிவிடுகிறது, யோசிக்கிற புத்தி அங்கேயே நின்றுவிடுகிறது.

11.40.

ஜெராக்ஸ் கடை மாடியில் ஒற்றை அறை. வெற்றி டிஜிட்டல் என்பது வெற்றிச்செல்வன் ஒருத்தன்தான். முப்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை. நஜீமா மஃப்டியில் போயிருந்தாள்.

"கார் வாடகைக்கு விளம்பரம் குடுக்கணும் தம்பி. ஆனா ஒண்ணு புரியல. பாட்ட சும்மா குடுத்துட்டு அந்தக் கம்பெனி எப்படிப் பொழைக்குது?"

அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பாட்டுக்கு நடுவுல வர்ற விளம்பரம் எல்லாம் சில்லறை மேடம். பாட்டு கேக்கறவன் எங்க இருக்கான், எத்தன மணிக்கு எழுந்திருக்கறான், எப்ப ஊர்ல இல்ல, அந்த வெவரந்தான் சரக்கு. அத லிஸ்ட் போட்டு விப்பாங்க. நான் ஊருக்குப் போனவங்க லிஸ்ட் வாங்கறேன், ஞாயித்துக்கிழமைதோறும் வரும்."

"பேரு, அட்ரஸ்?"

"பேர் இருக்காது, நம்பர்தான். ஆனா போன் தெனம் ராத்திரி எங்க சார்ஜ்ல கெடக்குதோ அதான வீடு? மேப்புல புள்ளியே விழும்." கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பிச் சிரித்தான். "தப்பு ஒண்ணும் இல்ல மேடம், எல்லாரும் சம்மதம்னு அமுக்கித்தான உள்ள வராங்க?"

"வேற யாரு பாப்பாங்க இத?"

"புதுச்சேரி லிஸ்ட் நான் மட்டுந்தான் வாங்கறேன்."

நஜீமா மேப்பில் முத்தியால்பேட்டைப் புள்ளியைக் காட்டினாள். "இவங்க?"

வெற்றிச்செல்வனின் சிரிப்பு பாதியில் நின்றது. "சென்னை போயிருக்காங்க. ஒரு வாரமா பாட்டே கேக்கல. குடும்பத்தோட டிரிப்."

அவள் தன் போனில் கண்ணீர் அஞ்சலி பேனரின் படத்தை எடுத்து அவன் முன் வைத்தாள். கன்னியப்பன், மறைந்த தேதி, கீழே அமுதவல்லியின் பெயர்.

"பாட்டு நின்னது இவரு செத்ததால. சென்னைக்குப் போனது இவரு போன் மட்டும். முன்வாசல் வழியா வந்திருந்தா பேனரப் பாத்திருப்ப, தொறந்த கதவப் பாத்திருப்ப. நீ பின்சந்துல வந்த. அந்த வீட்டுல நேத்து ஆளே இல்லன்னு நம்புனவன் இந்த ஊர்ல ஒருத்தன்தான்."

"நான்... எனக்கு..." அவன் மேப்பை மூடப் பார்த்தான். "ஆள் இருக்கறதா லிஸ்ட்ல இல்லியே மேடம். அந்தம்மா திடீர்னு எதிர்ல வந்துட்டாங்க. தள்ளிட்டு ஓடலாம்னுதான்... முன்ன மூணு வீடும் சரியா இருந்துது."

யூ.பி.எஸ். பெட்டிக்குள் பத்து பவுனும் அப்படியே இருந்தது. நஜீமா ஜெயித்துவிட்டாள். ஆனால் ஜெயித்த மாதிரி அவளுக்குத் தோன்றவே இல்லை.

3.30.

ராஜவேலை விட்டார்கள். வலது கை விரல்கள் வீங்கியிருந்தன, பெயிண்ட் அடிக்கிற கை. கோபிநாத் அவன் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்து வாங்கினார்.

"மன்னிச்சுக்கங்க" என்றாள் நஜீமா. அது அவள் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை.

செல்வாம்பாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "இனிமே எந்த எழவு வீட்டுக்கும் நாங்க சோறு எடுத்துட்டுப் போவ மாட்டோம் மேடம். எவ வேணா பட்டினி கெடக்கட்டும்."

புருஷனின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

பாட்டுக்கூடு கம்பெனிக்கு நஜீமா எழுதிய கடிதத்துக்கு ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. மிகவும் வருந்துகிறோம், வாடிக்கையாளர் சம்மதம் அளித்திருக்கிறார், தேதியும் நேரமும் இணைப்பில். போன தீபாவளி அன்று காலை. கோபிநாத் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சட்டப்படி இவனுங்கள ஒண்ணும் புடுங்க முடியாது. விடும்மா."

அந்தத் தேதியை நஜீமா சொன்னதும் நிர்மலா கையிலிருந்த பழைய போனைப் பார்த்தாள்.

"தீபாவளிக்கு வந்தப்ப நாந்தான் ஏத்திக் குடுத்தேன். காசு வேணாம்ப்பா, சும்மாவே பாட்டு கேக்கலாம்னு. சம்மதம்னு கேட்டுது, அமுக்கிட்டேன்."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"யாரு மேடம் படிக்கறா?"

நஜீமாவும் படித்ததில்லை.

புதன்கிழமை, மாலை 4.05.

சீல் உடைத்தார்கள். அமுதவல்லியின் உடலைக் கூடத்தில், புருஷன் படத்துக்குக் கீழே கிடத்தினார்கள். பீரோ நகர்த்திய இடம் இன்னும் காலியாகவே இருந்தது. இந்த முறை நகர்த்த ராஜவேல் வரவும் இல்லை. நிர்மலா வாசல்படி தாண்டி உள்ளே காலை வைத்தாள். கையிலிருந்த பழைய போன் கிணிங் என்றது.

'கன்னியப்பன், வீடு திரும்பிவிட்டீர்களா? நல்வரவு! உங்கள் பாட்டு உங்களுக்காகக் காத்திருக்கிறது.'

அவள் அங்கேயே நின்று அந்த ஆப்பை அழிக்கப் போனாள். அது உடனே விடவில்லை, ஒரு கேள்வி கேட்டது. ஏன் பிரிகிறீர்கள்? விளம்பரம் அதிகம். பிடித்த பாட்டு இல்லை. வேறு காரணம்.

நிர்மலா 'வேறு காரணம்' என்பதைத் தொட்டாள்.

'விவரம் தந்ததற்கு நன்றி' என்றது போன்.