கன்னி மூலையில் ஒரு சப்வூஃபர்

காதல் என்பது இரண்டு ஆன்மாக்கள் ஒரே சுருதியில் கலக்கும் மகத்தான நிகழ்வு. காலமும் தூரமும் அதன் முன்னால் கைகட்டி நிற்கும்... வைஜெயந்தி விஷயத்தில் தூரம் அப்படியெல்லாம் நிற்கவில்லை. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள் அவள்தான். தோளில் லேப்டாப் பை, கையில் மைக் ஸ்டாண்டு, காலில் கொப்புளம்.

ஹோம் தியேட்டர் கடையிலிருந்து ரிப்பேருக்கு வழக்கமாக வரும் டெக்னீஷியனுக்குக் காய்ச்சல். அதனால் வந்தாள். அந்தப் பெரிய வீட்டின் ஹாலுக்குள் நுழைந்ததும் ஓங்கி ஒரு தடவை கை தட்டினாள்.

ஓர் அறையில் எவ்வளவு எதிரொலி என்று பார்க்க முதலில் செய்வது அதுதான். தரை கிரானைட், மூன்று சுவரில் டைல்ஸ், நாலாவது சுவர் முழுக்கக் கண்ணாடி. தட்டிய சத்தம் ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்து, சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவனை எழுப்பியது.

"யாருங்க அது? கை தட்டிக் கூப்பிடறீங்க! என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

"உங்களைக் கூப்பிடலைங்க சார். ரூமைக் கூப்பிட்டேன்."

"வந்துச்சா?"

"நாலு தடவை வந்துச்சு. அதான் பிரச்சனை."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்கள்... சிவந்திருந்தன. காதலால் அல்ல. ஐப்பசியின் முதல் மழை அது. மழை வந்தால் மரக்காணத்தில் யாரும் ஜன்னலோரம் நின்று கன்னத்தில் கை வைத்துக்கொள்வதில்லை. உப்பு அம்பாரத்தின் மேல் பனையோலை போட ஓடுவார்கள். அவன், கார்த்திகேசன், இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்தான். பாதி உப்பு அப்படியும் கரைந்துவிட்டது.

அவனுடைய அப்பா தட்சணாமூர்த்தி ஓடவில்லை. அவர் உப்பள முதலாளிகள் சங்கத்தின் தலைவர். அந்த ஹாலுக்கு 'ஒலி மண்டபம்' என்று பெயர் வைத்து, வாசலில் கல்வெட்டும் பதித்திருந்தார்.

"படம் போட்டா ஒருத்தன் பேசறதும் புரியலம்மா. எல்லாரும் கெணத்துக்குள்ள நின்னு பேசற மாதிரி இருக்குது. மிஷினை மாத்திக் குடு."

மிஷின் நன்றாகத்தான் இருந்தது. தடித்த சத்தத்துக்கான சப்வூஃபர் பெட்டிதான் மூலையில் ஒடுங்கியிருந்தது.

"இதை மூலையில வெச்சா பேஸ் எல்லாம் சேர்ந்து உறுமும் சார். ரெண்டடி தள்ளி வெக்கணும்."

"அது கன்னி மூலை. கனமான பொருள் அங்கதான் இருக்கணும். வாஸ்து."

வைஜெயந்தி பெருமூச்சு விட்டாள். ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் உப்புக்காற்று பட்டுப் பச்சை பூத்திருந்த முனைகளைக் கழற்றிச் சுரண்டி, வயர்களைத் திரும்பச் சொருகினாள். தலைவர் உட்காரும் இடத்தில், அவர் காது உயரத்துக்கு மைக்கை நிறுத்தினாள். "அரை நிமிஷம் யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது."

ஸ்பீக்கர் 'ஊ...' என்று அடித்தொண்டையில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கீச்சுக்குரலுக்கு ஏறியது. பேசக் கூடாது, அசையக் கூடாது... பிறகு என்னதான் செய்வது? இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோர்ந்த முகங்கள்தான். ஆனால் அரை நிமிஷம் என்பது நீளமான நேரம்...

'இவனுக்கும் தூக்கமே இல்ல போல' என்று நினைத்தாள். அந்த நினைப்பு ஏனோ இதமாக இருந்தது.

லேப்டாப் வரைந்த கோட்டில், அறுபது ஹெர்ட்ஸ் என்னும் அடிச்சத்தத்தில் மட்டும் ஒரு மேடு, உப்பு அம்பாரம் மாதிரி. சத்தங்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் அதை இறக்கினாள். "மேட்டைக் கொறைச்சிட்டேன் சார். ஆனா எதிரொலியை ஈக்வலைசரால ஒண்ணும் பண்ண முடியாது. சுவத்துல திரை போடுங்க."

"இந்த ஊர்க் காத்துல திரை நமுத்துப் போயிடும்மா."

"ஷெட்டுல பழைய கோணி சும்மாதானப்பா கெடக்குது," என்றான் கார்த்திகேசன். "மடிச்சி மாட்டலாம்."

தட்சணாமூர்த்தியின் முகம் மாறியது. கை தானாகப் பிடரியைத் தடவியது. "பதினெட்டு வருஷம் தலையில சுமந்தேன்டா அதை. இப்ப என் ஹால்லயும் அதையே மாட்டணுமா? போதும்டா."

வைஜெயந்தி லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தாள்.

ஒரு வாரத்தில் மறுபடி கம்ப்ளெயின்ட். பேஸ் உறுமுகிறதாம். வந்து இறக்கிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் மறுபடியும். இந்தத் தடவை கடை மேனேஜர் மோகன் கறாராகச் சொல்லிவிட்டார்: "மூணாவது விசிட்டு வைஜெயந்தி. இன்னிக்கு க்ளோஸ் பண்ணலன்னா இனிமே கவுண்டர்ல உக்காந்து ரிமோட் வித்துக்க."

அன்றும் மழை. ஈக்வலைசரைத் திறந்தாள். அறுபது ஹெர்ட்ஸ் மறுபடி உச்சியில் ஏறியிருந்தது. தானாக ஏறுகிற சாமான் இல்லை அது. கார்த்திகேசனை ஒரு தடவை பார்த்துவிட்டு இறக்கினாள்.

"முடிஞ்சிது. உங்க போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க சார். கம்ப்ளெயின்ட்டை மூடணும்."

கார்த்திகேசன் போனைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான்.

"டவர் இல்லைங்க."

"நாலு கோடு தெரியுது."

"எழுத்து பொடிசா இருக்குது..."

"சார், இது மூடலன்னா என்னைக் கவுண்டர்ல உக்கார வெச்சிடுவாங்க. இந்த வேலைக்காக இடையஞ்சாவடியில எங்க வீட்ல ஆறு மாசம் சண்டை போட்டிருக்கேன்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "எட்டு, ரெண்டு, ரெண்டு, அஞ்சு," என்றான் அவசரமாக. "மன்னிச்சிக்குங்க. ஏத்தினது நான்தான். ரெண்டு தடவையும். மூடிட்டா நீங்க வர மாட்டீங்க..."

அவள் நம்பரைத் தட்டினாள். கம்ப்ளெயின்ட் மூடிக்கொண்டது. பையின் ஜிப்பை இழுத்தாள், பாதியில் நிறுத்தினாள்.

"இந்த மிஷின்ல லாக் இருக்குது. பாஸ்வேர்டு போட்டுட்டா யாரும் கை வெக்க முடியாது. மொத நாளே போட்டிருக்கணும்."

"ஏன் போடல?"

"ஏன் போடலன்னு தெரிஞ்சிக்க ஓடிபி வேணுமா உங்களுக்கு?"

அவன் சிரித்தான். மூன்று விசிட்டில் அந்த ஹாலில் கேட்ட முதல் சிரிப்பு. அது நாலு தடவை கேட்டது.

"இந்த எதிரொலியை இன்னிக்கு ஒழிச்சிடறேங்க," என்று எழுந்துபோய் ஷெட்டிலிருந்து கோணிகளைத் தூக்கி வந்தான். வாசலில் அப்பா மறித்தார்.

"டேய், என்னா சொன்னேன்?"

"உங்களுக்குப் பாராட்டு விழா வெச்சப்ப அடிச்ச துணி பேனர் இருக்குதுப்பா. பன்னண்டடி. ஆளுயரத்துக்கு நீங்க. அதைத்தான் சுவத்துல மாட்டப் போறேன். அது தொங்காம நிக்கணும்ல, பின்னால லேசா கோணி... வெளிய தெரியாது."

தலைவர் யோசித்தார். அதிக நேரம் யோசிக்கவில்லை.

"மாலை போட்டிருக்கற படமா?"

"அதேதான்."

"கொஞ்சம் மேலேத்தி மாட்டு."

பழைய கோணிகள் மூன்று மடிப்பாகச் சுவரேறின. அவற்றை மறைத்துக்கொண்டு மாலையும் கழுத்துமாகத் தலைவர் நின்றார். வைஜெயந்தி ஹால் நடுவில் போய்க் கை தட்டினாள். ஒரே சத்தம், அதோடு அடங்கியது.

"ரூம் வரலைங்க," என்றாள் மெதுவாக.

"நான் வரட்டுமா? ஞாயித்துக்கிழமை... இடையஞ்சாவடிக்கு, உங்க வீட்டுக்கு. அப்பாவையும் கூட்டிக்கிட்டு."

அவள் மைக் ஸ்டாண்டை மடக்குவதில் மும்முரமாக இருந்தாள். மூன்று கால்களும் மடங்கிய பிறகும் மடக்கிக்கொண்டிருந்தாள். "கல்வெட்டைத் தூக்கிக்கிட்டு வராம இருந்தா சரி..."

தட்சணாமூர்த்தி தன் இருக்கையில் சாய்ந்து ஒரு சண்டைப் படத்தைப் போட்டார். திரையின் இடது ஓரத்திலிருந்து ஒரு லாரி புறப்பட்டு வலது ஓரத்துக்குப் பாய்ந்தது.

"ஆஹா... என்னா துல்லியம்! இதான்டா ஒலி மண்டபம்."

லாரியின் சத்தம் வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்குப் போனது. முதல் நாள் வயர்களைச் சொருகும்போது வைஜெயந்தி மாற்றிச் சொருகியிருந்தாள்.